1972 சி10 பிக்கப்பை மீட்பதும், அதன் போல்ட், கீல்களுக்கு வீட்டிலேயே துத்தநாக முலாம் பூசுவதும்

கேள்வி: கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறேன். 1972 செவ்ரோலெட் சி10 பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். வண்டி ஓடுகிறது, ஆனால் போல்ட், கீல், லாட்ச், பிராக்கெட் எல்லாம் மங்கிப் போய் துரு ஏறிக் கிடக்கின்றன. மொத்தமாகப் பிரித்து, எல்லாவற்றுக்கும் கராஜிலேயே ஜிங்க் பிளேட்டிங் செய்துவிட நினைக்கிறேன். நடக்குமா? எங்கே தொடங்குவது?

நடக்கும். ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கும் "மொத்தமாக", "எல்லாவற்றுக்கும்" என்ற இரண்டு வார்த்தைகளை எடுத்துவிடுங்கள். மொத்தமாகப் பிரித்தால் வண்டி திரும்பச் சேராது. எல்லாவற்றுக்கும் முலாம் பூசினால் சில போல்ட்கள் ஓட்டும்போது உடையும்.

முதலில் ஓட்டுநர் கதவுத் தூணில் இருக்கும் தகட்டில் வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைப் பாருங்கள். கடைசியில் வரும் வரிசை எண்ணுக்குச் சற்று முன்னால் ஒரு எழுத்து இருக்கும். அது இசட் என்றால் உங்கள் வண்டி உங்கள் ஊரிலேயே பிறந்தது. செவ்ரோலெட்டின் தாய் நிறுவனமான ஜிஎம் 1963-ல் திறந்து 1982-ல் மூடிய ஃப்ரீமாண்ட் ஆலையில் இந்த பிக்கப்களைக் கட்டினார்கள். 1984 முதல் 2010 வரை அதே இடத்தில் டொயோட்டாவுடன் கூட்டாக நும்மி என்ற கார் ஆலை நடந்தது, இப்போது டெஸ்லா. எஃப் என்று இருந்தால் மிஷிகன் மாநிலத்து ஃபிளின்ட். அந்த எண்ணின் தொடக்க எழுத்துகளில் எஸ் இருந்தால் ஆறு சிலிண்டர், இ இருந்தால் வி8. விற்றவர் சொன்ன கதையும் எஞ்சினும் பொருந்துகிறதா என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும்.

1972 நல்ல ஆண்டு. 1967-ல் வந்த உடல் வடிவத்தின் கடைசி ஆண்டு அது. 1971 முதலே முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்துவிட்டது, அதனால் பழைய டிரம்மை மாற்றும் செலவு உங்களுக்கு இல்லை. 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குக் கலிபோர்னியாவில் புகைச் சோதனையும் கிடையாது. உதிரி பாகங்களுக்கும் பஞ்சமில்லை. ஃபெண்டர், தரைத் தகடு, கேப் (ஓட்டுநர் அறை) மூலை, பெட்டியின் மரப்பலகை வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் இதனாலேயே ஆசை அதிகமாகி, ஒரே வாரத்தில் கடைசி நட் வரை பிரித்துவிட்டு, எது எங்கே போகும் என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். பாதி பிரித்த சி10, பெட்டி பெட்டியாக பாகங்களுடன், வாங்கிய விலையில் பாதிக்கு எப்போதும் விளம்பரத்தில் இருக்கும். ஓடுகிற வண்டியை ஓடாத வண்டி ஆக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

அதனால் பகுதி பகுதியாகப் போங்கள். முதலில் பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் குழாய். இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளே, சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே பெட்ரோல் வாடை வந்தால், டேங்கின் கழுத்தில் இருக்கும் ரப்பர் குழாயும் அதைச் சுற்றிய ரப்பர் வளையமும் காய்ந்து வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். அதை இந்த வாரமே மாற்றுங்கள், அழகு அப்புறம். டிரம் பிரேக்கைத் திறக்கும்போது காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு தேயுங்கள்.

துரு எங்கே பார்ப்பது? முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் காற்று நுழைவுத் தட்டில் இலை விழுந்து ஈரம் தங்கும், அங்கிருந்து கீழே இறங்கி கால் வைக்கும் தரையின் ஓரங்களைத் தின்னும். அப்புறம் கதவுக்குக் கீழே உள்ள ராக்கர், கேப்பின் பின்மூலைகள், முன் கேப் மவுன்ட், கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய். கலிபோர்னியா வண்டி என்பதால் பனிக்காகச் சாலையில் உப்பு தூவும் மாநிலங்களின் வண்டியைவிட நன்றாகவே இருக்கும். இருந்தாலும் தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

சரி, முலாம் விஷயத்துக்கு வருவோம். முன்புறம் ஒரு தொகுதி, கதவுகள் ஒரு தொகுதி, பின்பெட்டி ஒரு தொகுதி என்று பிரித்துக்கொண்டு, ஒரு தொகுதியைக் கழற்றி, முலாம் பூசி, திரும்ப மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கழற்றும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஜிப் பை, அதன் மேல் எழுத்து, கழற்றும் முன் ஒரு போட்டோ. முலாம் தொட்டியில் எல்லாம் கலந்துவிடும் என்பதால் இன்னொரு போட்டோவும் வேண்டும். ஒவ்வொரு பையில் இருந்ததையும் ஒரு அட்டையில் பரப்பி, அளவுகோல் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டி முழுக்க அங்குலக் கணக்கு. நம் ஊரில் மெட்ரிக் போல்ட்டோடு பழகிய கைக்கு 5/16-ம் 8 மில்லிமீட்டரும் பார்வைக்கு ஒன்றுதான், புரி மட்டும் சேராது.

இப்போது கழற்றியதை நான்கு குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், தொடவே கூடாதவை: ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக் காலிப்பர், சீட் பெல்ட் போல்ட்கள், எல்லா வகை ஸ்பிரிங்குகளும் ஸ்பிரிங் கிளிப்களும். காரணம் ஹைட்ரஜன். ஆசிட்டில் ஊறும்போதும் மின்சாரம் பாயும்போதும் இரும்பின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் உருவாகும். அவற்றில் கொஞ்சம் உலோகத்துக்குள் புகுந்துவிடும். மென்மையான எஃகு அதைத் தாங்கிக்கொள்ளும். கடினமாகப் பதப்படுத்திய எஃகு தாங்காது: இறுக்கி வைத்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தலை தனியாகத் தெறிக்கும். போல்ட் தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. கிரேடு 5-ன் கடினம் ராக்வெல் சி அளவில் 25 முதல் 34 வரை, வீட்டு முலாமுக்கு ஆபத்து குறைவு. கிரேடு 8 அதே அளவில் 33 முதல் 39 வரை, அதாவது பயப்பட வேண்டிய எல்லையின் ஓரம் வரை போகும். முலாம் பூசிய பிறகு 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் சுட்டால் ஹைட்ரஜன் வெளியேறும் என்பது தொழிற்சாலை வழக்கம். பூசி முடித்து சில மணி நேரத்துக்குள், நிறம் கொடுக்கும் கரைசலில் நனைப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஆனால் வீட்டு டோஸ்டர் அவனின் முள்ளை நம்பி என் ஸ்டீயரிங் போல்ட்டை நான் சுட மாட்டேன். புதிதாக வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது குவியல், வாங்கினால் போதும் என்பவை. சாதாரண கிரேடு 5 போல்ட், நட், வாஷர் எல்லாம் கடையில் முலாமோடே கிடைக்கின்றன. ஒரு போல்ட்டைச் சுத்தம் செய்து, தேய்த்து, பூசும் நேரத்துக்கு அது மதிப்பில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு: அசலைப் போலவே வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, போல்ட் தலையில் தயாரிப்பாளர் குத்திய சின்னம் முக்கியம். அது கடை போல்ட்டில் வராது.

மூன்றாவது குவியல்தான் உங்கள் தொட்டிக்கு. கதவு லாட்ச், கதவு அடிக்கும் ஸ்டிரைக்கர், கார்பரேட்டர் லிங்க், த்ராட்டில் பிராக்கெட், ஆல்டர்னேட்டர் பிராக்கெட், விளக்குக் கூட்டின் சட்டம், வாஷரோடு சேர்த்தே செய்த விசித்திர வடிவ போல்ட்கள். எங்கும் வாங்க முடியாத, உயிருக்கு ஆபத்தில்லாத சாமான்கள்.

நான்காவது குவியலைத்தான் பலரும் மறக்கிறார்கள். உடலைப் பிடித்திருக்கும் போல்ட்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து வந்தபோது வெள்ளியாக இருந்ததில்லை. கறுப்பு அல்லது அடர் சாம்பல் பாஸ்பேட் பூச்சுதான். எது எந்த நிறம் என்று தெரிய, வாஷருக்கு அடியிலும் பழைய கிரீஸ் படிந்த இடத்திலும் பாருங்கள், அங்கே அசல் நிறம் தப்பியிருக்கும். எஞ்சின் அறையைத் திறந்ததும் எல்லா போல்ட்டும் பளபளவென்று மின்னினால், விஷயம் தெரிந்தவர்களுக்கு அது உறுத்தும். பாஸ்பேட் பூசுவது துத்தநாகத்தைவிட எளிது: மாங்கனீஸ் அல்லது ஜிங்க் பாஸ்பேட் கரைசலை ஸ்டெயின்லெஸ் பாத்திரத்தில் 90 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி, மணல் அடித்துச் சுத்தம் செய்த சாமானைப் போட்டு, குமிழி அடங்கும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, கழுவி, உடனே எண்ணெயில் போட வேண்டும். மின்சாரமே வேண்டாம். எண்ணெய் போடாவிட்டால் பாஸ்பேட் மட்டும் துருவைத் தடுக்காது.

துத்தநாகத் தொட்டிக்கு இணையத்தில் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று வெள்ளை வினிகரில் எப்சம் உப்பும் சர்க்கரையும் கலந்தது. மலிவு, ஓரளவு வேலையும் செய்யும். ஆனால் தொடக்கத்தில் கரைசலில் துத்தநாகமே இருக்காது, தொட்டியில் தொங்கும் துத்தநாகத் தகடு கரைந்து வரும் வரை காத்திருக்க வேண்டும், பூச்சும் மங்கலான சாம்பலாக வரும். இரண்டாவது, தொழிற்சாலைகள் பயன்படுத்தும் குளோரைடு கரைசல். லிட்டருக்கு சுமார் 70 கிராம் ஜிங்க் குளோரைடு, 200 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 25 முதல் 30 கிராம் போரிக் ஆசிட், அமிலத்தன்மை பிஹெச் 5-க்கும் 5.8-க்கும் இடையில், கூடவே பளபளப்புக்கான சேர்மானம். அந்தச் சேர்மானத்தை வீட்டில் கலக்க முடியாது, அதற்காகவே காஸ்வெல் போன்றவர்கள் விற்கும் கிட்டை வாங்குவது நல்லது. என் ஓட்டு கிட்டுக்குத்தான்.

பூசும் சாமான் எதிர்முனையில் தொங்கும், நேர்முனையில் தொங்குவது சுத்தமான துத்தநாகத் தகடு. படகுக்கு அடியில் மாட்டும் துத்தநாகக் கட்டியை வாங்காதீர்கள், அதில் பெரும்பாலும் அலுமினியத்தையும் காட்மியத்தையும் கொஞ்சமாக வேண்டுமென்றே சேர்த்திருப்பார்கள். எக்காரணம் கொண்டும் ஸ்டெயின்லெஸ் கரண்டியையோ தகட்டையோ நேர்முனையில் மாட்டாதீர்கள். அதில் உள்ள குரோமியம் கரைந்து, புற்றுநோய் வரவழைக்கும் வகையாக மாறும். தகட்டின் மொத்தப் பரப்பு, பூசும் சாமானின் பரப்புக்குச் சமமாகவோ இரு மடங்காகவோ இருக்கட்டும், சாமானுக்கு இரு பக்கமும் தொங்கட்டும். தகட்டைப் பருத்தித் துணிப் பையில் போட்டால் அதிலிருந்து உதிரும் கசடு சாமானில் ஒட்டாது. மீன்தொட்டிக்கு விற்கும் காற்று பம்ப் ஒன்று கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்கட்டும்.

மின்சாரத்துக்கு, ஆம்பியரை நிலையாகப் பிடித்துவைக்கும் பெஞ்ச் பவர் சப்ளை வாங்குங்கள். புதிய வகை பேட்டரி சார்ஜர்கள் எதிரே பேட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் வேலை செய்யும், தொட்டியோடு இணைத்தால் சும்மா இருக்கும். எவ்வளவு ஆம்பியர் என்பது பரப்பைப் பொறுத்தது. ஒரு அங்குல நீளமுள்ள 5/16 போல்ட் ஒன்றின் பரப்பு, புரியையும் தலையையும் சேர்த்து, ஏறக்குறைய 14 சதுர சென்டிமீட்டர். இருபது போல்ட் என்றால் 280. நூறு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை ஆம்பியர் என்று வைத்தால் சுமார் நான்கு ஆம்பியர். அந்த ஓட்டத்தில் கணக்குப்படி மணிக்கு 25 மைக்ரான் படியும், நமக்கு வேண்டியது 8 மைக்ரான், எனவே இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். புரியில் படியும் பூச்சு, புரியின் நடுவிட்டத்தைப் பூச்சின் கனத்தைப் போல நான்கு மடங்கு கூட்டும். 8 மைக்ரான் பூச்சு 32 மைக்ரானாகக் கணக்கில் சேர்ந்துவிடும். 20 மைக்ரான் போட்டால் நட் ஏறாது.

இதெல்லாம் எளிய பகுதி. பூச்சு நிற்குமா உரியுமா என்பதைத் தீர்மானிப்பது சுத்தம். முதலில் கிரீஸை எடுக்க வேண்டும், அதன் பிறகே மணல் அடிப்பது. கிரீஸோடு அடித்தால் அதை உலோகத்துக்குள் குத்தி ஏற்றுகிறீர்கள். காரச் சோப்புக் கரைசலைச் சூடாக்கி ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, கழுவுங்கள். பிறகு நுண்மணல் அடியுங்கள், அல்லது சின்ன சாமான்களை, அதிர்ந்து தேய்க்கும் டம்ளர் மிஷினில் இரவெல்லாம் ஓடவிடுங்கள். பழைய முலாம் மிச்சம் இருந்தால் நீர்த்த மியூரியாட்டிக் (ஹைட்ரோகுளோரிக்) ஆசிட்டில் போட்டால் சீறிக் குமிழி விடும், சீற்றம் தணிந்தால் துத்தநாகம் போய்விட்டது என்று அர்த்தம், உடனே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஊறினால் இரும்பையும் தின்னும், ஹைட்ரஜனையும் ஏற்றும். அந்தக் காலத்தில் சில சாமான்களுக்குக் காட்மியம் பூசியிருந்தார்கள். அதன் தூசும் அதைக் கரைத்த ஆசிட்டும் நஞ்சு. அதனால் பழைய முலாமை ஒயர் பிரஷ் மிஷினில் உலர்வாகத் தேய்க்காதீர்கள். கடைசிச் சோதனை தண்ணீர்தான்: சாமானைத் தூக்கினால் தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும், முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. அப்புறம் வெறும் கையால் தொடக் கூடாது, காயவும் விடக் கூடாது, நேராகத் தொட்டிக்குள்.

தொட்டியில் என்ன தவறு நடக்கிறது என்பதைப் பூச்சே சொல்லிவிடும். ஓரமும் முனையும் கறுத்து மாவு மாதிரி வந்தால் ஆம்பியர் அதிகம். பூச்சு தோலாக உரிந்தால் சுத்தம் போதவில்லை. கம்பி தொட்ட இடத்தில் வெற்றுப் புள்ளி வந்தால் நடுவில் ஒருமுறை திருப்பி மாட்டியிருக்க வேண்டும். குழிக்குள்ளும் மடிப்புக்குள்ளும் துத்தநாகம் போகத் தயங்கும். அதனால் ரிவெட் அடித்த கதவு லாட்ச் போன்றவற்றின் உள்மூலைகளில் பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். அங்கே பெரிய பிரச்சினை வேறு, இரண்டு தகட்டுக்கு நடுவே சிக்கிய ஆசிட். பூசி முடித்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, வெந்நீரில் அலசி, காற்றடித்துக் காயவைத்து, நீரை விரட்டும் எண்ணெயைத் தெளிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சில வாரத்தில் ரிவெட்டைச் சுற்றித் துரு கசியும்.

வெறும் துத்தநாகம் விரைவில் வெள்ளைத் துரு பிடிக்கும். அதற்கு மேல் நிறக் கரைசல் வேண்டும். தெளிந்த நீலச்சாயல், அல்லது பிரேக் பூஸ்டரில் பார்க்கிற அந்த வானவில் அடிக்கும் தங்க மஞ்சள். பழைய மஞ்சள் கரைசல்கள் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தால் ஆனவை, புற்றுநோய் ஆபத்து உள்ளவை. இப்போது மூன்று இணைதிறன் வகை கிடைக்கிறது, வீட்டுக்கு அதையே வாங்குங்கள். நிறம் ஓரிரு சாயல் குறைந்தாலும் பரவாயில்லை. நனைத்து எடுத்த பின் ஒரு நாள் வரை அந்தப் படலம் மென்மையாக இருக்கும், தொட்டால் அழியும். 60 டிகிரிக்கு மேல் சூட்டில் உலர்த்தவும் கூடாது. முதல் குவியலில் சொன்ன சுடுதலை நிறத்துக்கு முன்பே முடிக்கச் சொன்னது இதனால்தான்.

எங்கே வைத்துச் செய்வது? கராஜுக்குள் வேண்டாம். கலிபோர்னியா வீடுகளில் பெரும்பாலும் கராஜிலேயே கேஸ் வாட்டர் ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும், தொட்டியிலிருந்து வருவதோ ஹைட்ரஜன். அதோடு மியூரியாட்டிக் ஆசிட்டின் ஆவி, மூடி வைத்த பாட்டிலிலிருந்து கசிந்தால்கூட, கராஜில் இருக்கும் ஸ்பேனர், டிரில், பெயின்ட் எடுத்த உங்கள் வண்டி எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும். பின்கட்டில், காற்றோட்டமாக, கண்ணாடியும் கையுறையும் போட்டு, தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். பிளீச் எந்த வகையிலும் பக்கத்தில் இருக்கக் கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒரு வாளி நிறைய சாதாரண சாமான் சேர்ந்தால், வணிக முலாம் கடையில் மொத்தமாகக் கொடுப்பதும் நல்ல யோசனைதான். குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று வைத்திருப்பார்கள், அதற்குள் ஒரு வாளி அடங்கிவிடக்கூடும். தொல்லை என்னவென்றால் சுழலும் பீப்பாயில் போடுவதால் சின்னது தொலையும், மெல்லியது வளையும். எண்ணிப் போட்டோ எடுத்துக் கொடுங்கள். வீட்டுத் தொட்டியின் உண்மையான லாபம், சனிக்கிழமை கழற்றியதை ஞாயிற்றுக்கிழமை மாட்டலாம் என்பதுதான்.

குரோம் பம்பரை வீட்டில் யோசிக்கவே வேண்டாம், அது வேறு உலகம். கடைக்குத்தான் போக வேண்டும், அதுவும் சீக்கிரம்: கலிபோர்னியா காற்று வள வாரியம் 2023-ல் கொண்டுவந்த விதிப்படி ஆறு இணைதிறன் குரோம் பூச்சு படிப்படியாக நிறுத்தப்படுகிறது, அலங்காரப் பூச்சுக்கு முதலில். வார்ப்புத் துத்தநாகத்தில் செய்த சின்னங்கள், எழுத்துகள் இருந்தால் அவற்றை ஆசிட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும்.

மாட்டும்போது ஒரு கவனம். முலாம் பூசிய புரியில் உராய்வு மாறும், அதில் புரி இறுகிப்போகாமல் இருக்கத் தடவும் ஆன்டி-சீஸ் கிரீஸும் சேர்ந்தால் இன்னும் குறையும். உலர்ந்த புரிக்கான முறுக்கு அளவை அப்படியே கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். பழைய, முலாம் பூசிய சாமானுக்குப் பக்கத்தில் வெல்டிங் செய்ய நேர்ந்தால் அந்த இடத்துத் துத்தநாகத்தை முதலில் எடுத்துவிடுங்கள், அதன் வெள்ளைப் புகை அன்றிரவே காய்ச்சலும் குளிரும் கொண்டுவரும்.

கரைசலை மூடி வைத்தால் அடுத்த தொகுதிக்கும் அதற்கடுத்ததற்கும் ஆகும், அவ்வப்போது பிஹெச் காகிதத்தில் பார்த்துச் சரிசெய்தால் போதும். வேலை முழுதும் முடிந்தபின் கரைசல், பழைய ஆசிட், நிறக் கரைசல், அவற்றைக் கழுவிய முதல் தண்ணீர் எல்லாவற்றையும் தனித்தனி பிளாஸ்டிக் கேனில், பெயர் எழுதி, ஆலமீடா கவுன்டியின் வீட்டு அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள். ஃப்ரீமாண்ட்டிலேயே ஒன்று இருக்கிறது. தெரு வடிகாலில் ஊற்றினால் நேரே வளைகுடாவுக்குப் போகும், துத்தநாகம் மீனுக்கு விஷம். எவ்வளவு அளவு ஒரு முறைக்கு வாங்குவார்கள் என்பதைப் போவதற்கு முன் அவர்களுடைய இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.